கொடி கேட்பாள்

ஜூலை 14

கம்பெனி டாக்டர் தினமும் ஏதாவது எழுதச் சொல்லியிருக்கிறார். பிளான்ட்டில் லாக்புக் எழுதுகிறவனுக்கு இது கஷ்டமாக இருக்காது என்றார். லாக்புக்கில் வோல்டேஜ் எழுதலாம், டெம்பரேச்சர் எழுதலாம். இங்கே என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

காலையில் சொல்தா லூயி வந்தார். கறுப்புக் கோட்டு, நெஞ்சில் வரிசையாக மெடல்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்போம். இன்று பிரான்சின் தேசிய நாள். கடற்கரையில் போர் நினைவுச்சின்னத்துக்கு மாலை போடப் போகிற வழியில் எங்கள் வாசலில் நின்றார். அவர் தென்றல் நகர் குடியிருப்போர் சங்கத் தலைவரும்கூட. ஆகஸ்ட் பதினைந்தைப் பற்றிப் பேச வேண்டும் என்றார்.

"பழைய கொடி போயிடுச்சுப்பா அமுதா. புதுசா ஒண்ணு பாக்கணும்."

சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். பார்க்கில் ஏற்றுகிற தேசியக்கொடியைச் சொன்னார். காற்றில் ஓரம் கிழிந்துவிட்டது.

என் மனைவி பெயர் பூங்கொடி. வீட்டிலும் தெருவிலும் கொடி. ஜனவரி இருபத்தைந்தாம் தேதி சாயங்காலம் இறந்தாள். டெங்கு.

அவள் இருந்திருந்தால் கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள். நான் "பாக்கலாம் ஐயா" என்றேன்.

அவர் கேட்டது இதுதான். ஒவ்வொரு ஆகஸ்ட் பதினைந்தும் ஜனவரி இருபத்தாறும் கொடியேற்றம் முடிந்ததும் பார்க்கில் வினாடி வினா நடக்கும். கேள்வி கேட்பவள் கொடி. பஸ்ஸர் செய்துகொடுத்தவன் நான். இந்த வருஷமும் நடத்த வேண்டுமாம். கேள்விகளை நான் தயார் செய்தால் எதிர்வீட்டு சுகந்தி படிப்பாளாம்.

சரி என்றேன். இப்போதெல்லாம் எதற்கும் சரி என்பது சுலபமாக இருக்கிறது.

ஜூலை 17

அத்தை கத்தரிக்காய்ப் பொரியல் வைத்திருந்தாள். சாப்பிட்டேன். அவள் பேசவில்லை. நானும் பேசவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

பரணிலிருந்து பஸ்ஸர் பெட்டியை இறக்கினேன். ஐந்து அணிக்கு ஐந்து பட்டன். யார் முதலில் அழுத்துகிறார்களோ அவர்கள் விளக்கு மட்டும் எரியும், மற்றவை பூட்டிக்கொள்ளும். ஆறாவது பட்டன் கொடிக்கு. நேரம் முடிந்தது என்று அவள் அடிப்பது. அதன் ரிலே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு தடவை அழுத்தினால் விளக்கு அணைய மாட்டேன் என்கிறது. காண்டாக்டைத் தேய்த்துச் சுத்தம் செய்தேன். சரியாகவில்லை. புதிதாக மாற்ற வேண்டும்.

மாற்றுவது பத்து நிமிட வேலை. மூடி வைத்துவிட்டேன்.

அத்தையைப் பற்றி எழுத வேண்டும். கொடியின் அம்மா, தனபாக்கியம். ஊர் நெட்டப்பாக்கம். ஜனவரியில் வந்தவள் திரும்பிப் போகவில்லை. அங்கே வீட்டில் அவளுக்கும் யாருமில்லை, வீட்டைப் பூட்டிப் போட்டிருக்கிறாள். எனக்குச் சமைக்கிறாள், துணி துவைத்துக் கொடியில் போடுகிறாள். நான் ஒரு தடவைகூட அழவில்லை என்று சுகந்தியிடம் சொன்னாளாம். "கல்லு மாதிரி இருக்கறாரு" என்றாளாம். சுகந்திக்கு எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது. அப்படியே வந்து என்னிடம் சொன்னாள்.

தப்பில்லை. பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் தெரியும்.

ஜூலை 22

1947-இல் இதே நாளில்தான் மூவர்ணக் கொடியை அரசியல் நிர்ணய சபை ஏற்றுக்கொண்டது. எனக்கு இது தெரியும் என்பதே இன்று காலை ஷேவ் செய்யும்போதுதான் தெரிந்தது.

கொடி இதைத் தன் பிறந்தநாள் என்பாள். உண்மையான பிறந்தநாள் மே மாதம். டிசம்பர் ஏழு படைவீரர் கொடிநாள், அதுவும் அவள் கணக்கில்தான் சேரும். "வருஷத்துக்கு மூணு தடவ பொறந்தவ நான், மூணு புடவ" என்பாள். போன ஜூலையில் வெறும் மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு வந்தேன். பூவை வாங்கிக்கொண்டு, "கொடிக்குப் பூவு. பொருத்தமாத்தான் இருக்கு, கஞ்சப்பயலே" என்றாள்.

இன்று பூக்கடையைத் தாண்டி வந்தேன். வண்டியை நிறுத்தவில்லை.

ஜூலை 24

கேள்விகள் எழுத உட்கார்ந்தேன். அவள் எழுதி வைக்கிற பழக்கம் இல்லாதவள். எல்லாம் தலைக்குள் இருக்கும். வெங்காயம் உரிக்கும்போது திடீரென்று கேட்பாள். சக்கரத்தில் எத்தனை ஆரம்? கொடியின் நீளம் அகலம் என்ன விகிதம்? ஜனவரி இருபத்தாறுக்கும் ஆகஸ்ட் பதினைந்துக்கும் கொடியில் என்ன வித்தியாசம்? (ஜனவரியில் மேலேயே கட்டி வைத்து விரிப்பார்கள். ஆகஸ்டில் கீழேயிருந்து ஏற்ற வேண்டும்.)

நான் பேப்பரைப் படித்துக்கொண்டே, இதெல்லாம் யாருக்குத் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்பேன்.

இன்று எனக்குத் தெரிந்திருக்கிறது. இருபத்துநான்கு ஆரம். மூன்றுக்கு இரண்டு.

சத்தமாகப் படித்துப் பார்த்தேன், சுகந்திக்கு வாய்க்கு வருமா என்று. கூடத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை தலை நிமிராமல் சொன்னாள்: "சக்கரம் துணிக்கு ரெண்டு பக்கமும் தெரியணும். அதையும் சேத்துக்குங்க."

சேர்த்துக்கொண்டேன். ரேடியோவில் கேட்டிருப்பாள்.

ஜூலை 27, ஞாயிறு

பார்க்கில் சங்கக் கூட்டம். பந்தல், மைக், மிட்டாய் என்று பேசி முடித்த பிறகு சொல்தா எழுந்து நின்றார். பட்டாளத்தில் கூட இருந்தவன் செத்தால் கொடியைப் பாதிக் கம்பத்துக்கு இறக்கி வைப்பார்களாம். இந்த நகருக்குக் கொடியேற்றம் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்தவள் பூங்கொடி. இந்த ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி அவளுக்காகக் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட வேண்டும் என்றார்.

எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவர் மூக்கைச் சிந்தினார். அவர்களுக்கு ஒரு உறுத்தல் இருக்கிறது. ஜனவரி இருபத்தாறாம் தேதி காலையில் கொடி எங்கள் வீட்டுக் கூடத்தில் கிடந்தாள். பார்க்கில் மைக் இல்லாமல், பாட்டு இல்லாமல் கொடியேற்றத்தைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு எல்லாரும் சாவுக்கு வந்தார்கள். வந்தவர்கள் சட்டையில் மூவர்ண பேட்ஜ் குத்தியிருந்தது.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தபோது சுகந்தி முந்திக்கொண்டு அத்தையிடம் சொல்லிவிட்டிருந்தாள். அத்தை சோறு போட்டாள். எதிரில் உட்கார்ந்தாள். இத்தனை மாதத்தில் முதல் தடவை.

"அன்னிக்கு வாசல்ல நின்னு பாத்தேன் மாப்ள. உள்ள பொண்ணு கெடக்கறா. அங்க கயித்த இழுத்தாங்க, பூவு கொட்டுச்சு. யாரோ கை தட்டுனாங்க." சோற்றுப் பாத்திரத்தை மூடிவிட்டு, "இந்தத் தடவையாவது எறங்கட்டும்" என்றாள்.

குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

அந்தக் கொடிக்குள் பூவை வைத்துக் கட்டியது நான். மறுநாள் ஷிஃப்ட் இருந்ததால் இருபத்துநான்காம் தேதி சாயங்காலமே மடித்துக் கட்டி சொல்தா வீட்டில் கொடுத்துவிட்டேன். கொடி காய்ச்சலோடு படுத்திருந்தாள். பூ அதிகம் வைக்காதே, முடிச்சு இறுகிக்கொள்ளும் என்று சொல்லி அனுப்பினாள். நான் நிறையத்தான் வைத்தேன்.

ஜூலை 29

விதி இது. அரைக்கம்பத்தில் பறக்கவிடுவது அரசாங்கம் அறிவிக்கிற துக்கத்துக்கு மட்டும். யாருக்கு என்று ஒரு பட்டியல் உண்டு. சங்கம் நினைத்தால் செய்ய முடியாது. அந்தப் பட்டியலில் இருக்கிற பெரிய மனிதரே இறந்திருந்தாலும் ஆகஸ்ட் பதினைந்து, ஜனவரி இருபத்தாறு போன்ற நாள்களில் இறக்கக் கூடாது. ஒரே ஒரு விலக்கு: உடல் கிடக்கிற கட்டடத்தின் மேல் இருக்கிற கொடி. உடலை எடுத்ததும் அதையும் உச்சிக்கு ஏற்றிவிட வேண்டும்.

இதை நான் எங்கேயும் படிக்கவில்லை. தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டே அவள் சொன்னது. அந்த விலக்கைச் சொல்லும்போது மட்டும் கரண்டியை நிறுத்தினாள். "எடுத்த ஒடனே ஏத்திடணுமாம். எவ்ளோ அவசரம் பாரு" என்றாள்.

ஜூலை 31

நாளைக்குச் சொல்லிவிடலாம்.

ஆகஸ்ட் 2

சொல்லவில்லை. அத்தை நெட்டப்பாக்கத்துக்கு ஃபோன் போட்டுப் பேசிக்கொண்டிருந்தாள். "நம்ம கொடிக்காகக் கொடிய எறக்கறாங்க. அரசாங்கக் கொடி. ஆமா, அரசாங்கத்துக் கொடிதான்." நாத்தனாரும் அவள் மருமகளும் வருகிறார்களாம். குரலில் ஒரு தெம்பு. அப்புறம் எனக்கு எலுமிச்சம்பழ ஜூஸ் கொண்டுவந்து கொடுத்தாள். சர்க்கரையோடு உப்பும் போட்டிருந்தாள். கொடி போடுகிற மாதிரி.

எனக்கும் இறங்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. இதை இங்கே எழுதலாம் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

புதுக் கொடி வந்துவிட்டது. கதர். கிழிந்த பழைய கொடியை சொல்தா என் கையில் கொடுத்து, என்ன செய்ய வேண்டும் என்று உனக்குத் தெரியுமே, நீயே பார்த்துக்கொள் என்றார். குப்பையில் போடக்கூடாது, எதையும் அதால் துடைக்கக்கூடாது. முழுதாக, தனியான இடத்தில், மரியாதையோடு எரித்துவிடுவது நல்லது.

மொட்டைமாடிக்கு எடுத்துப்போனேன். தீப்பெட்டி எடுத்துப்போனேன்.

எரிக்கவில்லை. இந்த வருஷம் ஒரு தடவை செய்தாகிவிட்டது. மடித்துக் கொண்டுவந்து பீரோவில் அவள் புடவைகளுக்கு மேலே வைத்தேன்.

ஆகஸ்ட் 6

வேலை முடிந்து பார்க்குக்குப் போய்க் கம்பத்தின் கப்பிக்கு கிரீஸ் வைத்தேன். கயிறு ஓடுகிறதா என்று பார்க்கத் துண்டைக் கட்டி இழுத்தேன். அரைக்கம்பத்துக்கு என்று ஒரு முறை இருக்கிறது. நேராகப் பாதியில் நிறுத்தக்கூடாது. முதலில் உச்சிவரை ஏற்ற வேண்டும், அப்புறம்தான் பாதிக்கு இறக்க வேண்டும். சாயங்காலம் கழற்றும்போதும் அப்படியே. மறுபடி உச்சிக்குப் போய்விட்டுத்தான் கீழே வர வேண்டும்.

துண்டை உச்சிக்கு ஏற்றினேன். பாதிக்கு இறக்கினேன். நல்ல காற்று. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர் என்ன அமுதன், துண்டு காயப்போடவா கம்பம் என்று கேட்டுவிட்டுப் போனார்.

மறுபடி உச்சிக்கு ஏற்றி, இறக்கினேன்.

ஆகஸ்ட் 9

சொல்தாவிடம் சொன்னேன்.

முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்துவிட்டது. பட்டாளத்தில் பார்க்காத கொடியா, எனக்கு நீ சட்டம் சொல்கிறாயா என்றார். அது பிரான்சுக் கொடி ஐயா என்றேன். அவருக்கு ரொம்பக் கோபம் வந்துவிட்டது. உன் பெண்டாட்டிக்காகத்தானே செய்கிறோம், உனக்கே வேண்டாமா என்றார்.

"நம்ம பார்க்குக்குள்ள நாம எறக்கறோம். யாருப்பா வந்து கேக்கப் போறா?"

"கொடி கேப்பா."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் வீட்டுச் சுவரில் இரண்டு கொடிகளும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டியிருக்கும். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். போன ஆகஸ்டில் கொடியேற்றத்தில் பூ கொட்ட வேண்டும் என்று அவர் அடம்பிடித்து, அது ஜனவரிக்குத்தான், ஆகஸ்டில் கீழேயிருந்து ஏற்ற வேண்டும் என்று கொடி மைக்கிலேயே அவருடன் சண்டை போட்டாள். அவர் ஒரு வாரம் பேசவில்லை.

"கேப்பாதான்" என்றார். "விட மாட்டா." பிறகு, உன் மாமியாருக்கு யார் சொல்வது என்று கேட்டார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அத்தையிடம் சொன்னேன். அடுப்படி வாசலில் நின்று சொன்னேன். விதியைச் சொன்னேன், பட்டியலைச் சொன்னேன், பதினைந்தாம் தேதி யாருக்குமே கிடையாது என்று சொன்னேன். ரிப்போர்ட் படிக்கிற மாதிரி இருந்தது எனக்கே.

அவள் அடுப்பை அணைத்தாள்.

"சரி மாப்ள."

அவ்வளவுதான். மதியம் நெட்டப்பாக்கத்துக்கு ஃபோன் போட்டாள். வர வேண்டாம், இங்கே ஒன்றுமில்லை என்றாள். சாயங்காலம் கட்டிலுக்கு அடியிலிருந்து ஜனவரியில் கொண்டுவந்த பையை எடுத்துத் தூசி தட்டினாள். பதினேழாம் தேதி ஊருக்குப் போய்விட்டு வருகிறேன் என்றாள். வருகிறேன் என்பது சும்மா சொல்கிற வார்த்தை. வீட்டைப் பெருக்க ஆள் போட்டு நாளாகிறது, கூரைக்கு ஓடு மாற்ற வேண்டும் என்றெல்லாம் சொன்னாள்.

போகாதே என்று சொல்வதற்கு எனக்கு என்ன பாத்தியம்? அவள் மகளுக்கு ஊரே கொடுத்ததை நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 12

பை நிறைந்துகொண்டு வருகிறது.

ஆகஸ்ட் 13

ஆறாவது பட்டனின் ரிலேவை இன்னும் மாற்றவில்லை. கேள்விகளை முடித்தேன். கடைசியில் ஒன்று சேர்த்தேன். கொடி இறங்காவிட்டாலும் அரைக்கம்பத்தைப் பற்றிய கேள்வி ஒன்றாவது அங்கே இருக்கட்டும்.

ஆகஸ்ட் 14

பிளான்ட்டில் பிரேக்கர் டிரிப். திரும்பி வர நேரமாகிவிட்டது. அத்தை சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் படுத்திருந்தாள். பீரோக் கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தது. சாத்தினேன்.

ஆகஸ்ட் 15

காலையில் சொல்தா கயிற்றை இழுத்தார். கீழேயிருந்து உச்சி வரை, முறைப்படி. பூ இல்லை. உச்சியில் போய்ப் பறந்தது. எல்லாரும் கம்பத்தின் பாதியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அங்கே எதுவும் நிற்காமல் போனதைப் பார்க்கிற மாதிரி. சொல்தா பிரெஞ்சு சல்யூட் வைத்துவிட்டு, சட்டென்று கையைத் திருப்பி நம்முடையதை வைத்தார். யாரும் சிரிக்கவில்லை.

அத்தை வருவாள் என்று நான் நினைக்கவில்லை. சுகந்தி போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறாள். உட்கார இடமில்லை. மேடைக்கு ஓரமாக நான் பஸ்ஸர் போர்டு வைத்திருந்த மேஜைக்குப் பக்கத்து நாற்காலியில், ஆறாவது பட்டனுக்கு முன்னால் உட்காரவைத்தாள். கொடியின் நாற்காலி அது. சுகந்திக்கு அது தோன்றவில்லை. அல்லது தோன்றித்தான் செய்தாளோ என்னவோ. நேரம் முடிந்தால் அதை அழுத்தச் சொல்லிக் காட்டிக்கொடுத்தாள்.

ஐந்து அணிகளும் கத்திக்கொண்டிருந்தன. சுகந்தி நன்றாகத்தான் படித்தாள். புதுச்சேரிக்கு விடுதலை எப்போது என்ற கேள்வி வந்ததும் வழக்கம்போல அடிதடி. ஒரு அணி 1947 என்றது. இன்னொரு அணி 1954 நவம்பர் ஒன்று, பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியை ஒப்படைத்த நாள் என்றது. மூன்றாவது அணி 1962 ஆகஸ்ட் பதினாறு, ஒப்பந்தம் சட்டப்படி அமலுக்கு வந்த நாள் என்றது. மூன்றுக்கும் மார்க் கொடு என்று ஒரே கூச்சல். கொடி இந்தக் கேள்வியை வருஷா வருஷம் கேட்பாள், இந்தச் சண்டையைப் பார்ப்பதற்காகவே. நான் போர்டுக்குப் பின்னால் வயரோடு உட்கார்ந்திருப்பேன். ஒருநாளும் முன்னால் போய் அவள் முகத்தைப் பார்த்ததில்லை.

கடைசிக் கேள்வி. சுகந்தி தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், படித்தாள்.

"அரைக்கம்பத்தில் பறக்கும் கொடியை மாலையில் கழற்றுவதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?"

ஐந்து அணியிலும் யாரும் அழுத்தவில்லை. பிறகு ஒரு விளக்கு எரிந்தது. ஆறாவது.

நேரம் முடிந்துவிட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள். சுகந்தி தாளை மடித்தாள். அத்தையின் விரல் பட்டன் மேலேயே இருந்தது.

"மறுபடி உச்சிக்கு ஏத்தணும்" என்றாள் அத்தை. மைக் இல்லை, ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது. "ஏத்தி, ஒரு தடவ நல்லா பாத்துக்கினு, அப்பறம் எறக்கணும்."

பார்த்துக்கொண்டு என்பது விதியில் கிடையாது. சொல்தா அதைச் சொல்ல வாயெடுத்தார் என்று நினைக்கிறேன். சொல்லவில்லை. சுகந்தி மார்க் போட்டாள், எந்த அணிக்கு என்று தெரியாமல். போர்டில் ஆறாவது விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது. ஒட்டிக்கொண்ட ரிலே.

கூட்டம் கலைந்து மிட்டாய் வாங்கப் போனதும் நான் வயர்களைச் சுருட்டினேன். அத்தை எழுந்திருக்கவில்லை.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும் அத்தை?"

"அவ கேட்டதுதான. ஒவ்வொரு தடவயும் எனக்குத்தான் மொதல்ல ஃபோன் போடுவா. நான் சொல்லிட்டா கேள்வி சுலபம், சொல்லலன்னா கஷ்டம். அப்படி வச்சிருந்தா."

எனக்கு இது தெரியாது. ஐந்து வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம்.

"ஒங்ககிட்ட கேட்டா அப்பறம்னு சொல்லுவீங்களாம். 'அம்மா, அப்பறம் சார் ஷிஃப்டுக்குப் போயிட்டாரு, நீ சொல்லு'ன்னுதான் ஆரம்பிப்பா." சிரிக்கிற மாதிரி ஒரு முகம் வந்து போயிற்று. "எறக்கக்கூடாதுன்னு எனக்குத் தெரியும் மாப்ள. தெரிஞ்சுதான் சரின்னேன். பெத்தவளுக்கு இருக்காதா?"

நான் வயரைச் சுருட்டிக்கொண்டே இருந்தேன்.

"ஜனவரில கேட்டது இந்தக் கேள்வி. காய்ச்சலோட படுத்துக்கினே கேட்டுக்கினு இருந்தா. கொரலு ஒரு மாதிரி இருந்துச்சு. நானும் சொல்லிக்கினே இருந்தேன். தண்ணி குடிச்சியாடின்னு ஒரு வார்த்த கேக்கல." பட்டனைத் தடவினாள். "எனக்கு எத்தன மார்க்குன்னு கேட்டேன்."

மிட்டாய் வரிசையில் சொல்தாவின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது, ஆளுக்கு ஒன்றுதான், ஆளுக்கு ஒன்றுதான் என்று.

இவ்வளவு நாளும் அவள் பேசாமல் இருந்தது என்மேல் உள்ள கோபம் என்று நினைத்திருந்தேன்.

நானும் சொன்னேன். அந்தப் பூவைப் பற்றிச் சொன்னேன். இன்னும் சிலதும் சொன்னேன். அவற்றை இங்கே எழுதவில்லை.

அவள் கேட்டுக்கொண்டாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நேத்து பீரோவுல என் புடவ எடுக்கப் போனேன்" என்றாள். "கிழிஞ்ச கொடி இருந்துச்சு. அத வீட்டுல வெச்சுக்கக்கூடாது. எரிச்சுடணும்."

"தெரியும் அத்தை."

"அதுவும் அவ கேட்டதுதான்."

"தெரியும்."

"தெரிஞ்சும் வச்சிருக்கீங்க."

"ம்."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் எரிகிற அந்த விளக்கைப் பார்த்தோம். பிறகு அவள்தான் பிளக்கைப் பிடுங்கினாள்.

"நாளைக்குக் கீழூருக்குப் போணும்" என்றாள். "அவகூட வருஷா வருஷம் போவேன். நீங்களும் வர்றீங்களா, இல்ல அப்பறமா?"

ஆகஸ்ட் 16

வில்லியனூர் வரை ஒரு பஸ், அங்கிருந்து கீழூருக்கு இன்னொரு பஸ். லீவு நாள், கூட்டம். அத்தைக்கு இடம் கிடைத்தது. நான் நின்றுகொண்டு போனேன். கொடி என்னை ஒவ்வொரு வருஷமும் கூப்பிட்டிருக்கிறாள். ஒரு வருஷம் ஷிஃப்ட். ஒரு வருஷம் மழை. ஒரு வருஷம் என்ன காரணம் சொன்னேன் என்று வழியெல்லாம் யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. காரணமே சொல்லாமலும் இருந்திருப்பேன்.

நினைவு மண்டபம் சின்னது. இங்கேதான் 1954 அக்டோபரில் ஊர்ப் பிரதிநிதிகள் கூடி வோட்டுப் போட்டார்கள், இந்தியாவோடு சேர்வதா வேண்டாமா என்று. சேர வேண்டும் என்றவர்கள் நூற்று எழுபது பேர். வேண்டாம் என்றவர்கள் எட்டுப் பேர். கொடியேற்றினார்கள். போலீஸ் பேண்டு வாசித்தது. வெயில் ஏறிவிட்டது. அத்தை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். கொடி உச்சிக்குப் போனதும் கூட்டத்தோடு சேர்ந்து கை தட்டினாள். நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூட்டம் கலைந்த பிறகும் அவள் நகரவில்லை.

"இங்க நின்னுக்கினு ஒரு கேள்வி கேப்பா" என்றாள். "கேக்கவா?"

"கேளுங்க."

"அந்த எட்டுப் பேரு மறுநாள் என்ன பண்ணாங்க?"

யோசித்தேன். ஊரே கொண்டாடிக்கொண்டிருந்திருக்கும். அவர்கள் வீட்டு வாசலில்கூடப் பட்டாசு வெடித்திருப்பார்கள். வெளியே வந்து எல்லாரோடும் நின்றிருப்பார்களா, கதவைச் சாத்திக்கொண்டிருந்திருப்பார்களா? அப்புறம் எல்லா வருஷமும் அதே ஊரில், அதே கடைக்குப் போய், அதே ஆட்களைப் பார்த்து. போட்ட வோட்டைத் திரும்ப எடுக்க முடியாது.

"தெரியல அத்தை."

"அவளுக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. அதுக்குத்தான் வருஷா வருஷம் வந்து நிப்பா."

பக்கத்துக் கடையில் டீ குடித்தோம். அவள் டீ சூடில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை பையைத் திறந்தாள். மடித்து வைத்ததில் புடவையெல்லாம் ஒரு வாடை அடிக்கிறது என்றாள். ஒவ்வொன்றாக உதறி மொட்டைமாடியில் கொடியில் போட்டாள். காலிப் பையையும் அதன் மேலேயே கவிழ்த்துப் போட்டாள். பிறகு கீழே வந்து படுத்துத் தூங்கிவிட்டாள்.

மேற்கே மேகம் கட்டுகிறது. எழுதியது போதும். மழை வருவதற்குள் நான் போய் எல்லாவற்றையும் எடுத்து உள்ளே போட வேண்டும்.